கீழ்க்குழாயின் குளிர்ச்சி

டிராக்டரை லாரியில் ஏற்றி மைசூருக்குக் கொண்டுவந்தது பழுது பார்ப்பதற்காக மட்டும் அல்ல. பழுது பார்க்க எங்கள் ஊர்ப்பக்கம் ஹனூரிலேயே ஆள் இருக்கிறான். ஆனால் அவன் எங்கள் வீட்டு உப்பைத் தின்றவன். நான் எதைச் சொன்னாலும் "ஆமாங்க ஐயா" என்பான். என்ஜின் ஏன் கொதித்தது என்பதை, எங்கள் குடும்பத்தைத் தெரியாத ஒருவன் சொல்லி நான் கேட்க வேண்டியிருந்தது.

வருகிற அமாவாசையன்று மாதேஸ்வரன் மலையில், சாமி முன்னால் சூடம் அணைத்துச் சத்தியம் செய்வதாக ஊருக்குச் சொல்லிவிட்டேன். டிரைவர் கரியப்பனுக்கு நேர்ந்ததில் என் வீட்டுக் குற்றம் ஏதும் இல்லை என்பதே சத்தியம். எங்கள் பக்கத்தில் போலீசையும் கோர்ட்டையும் விட அது பெரிது. சூடம் அணைத்துவிட்டால் அதற்கு மேல் யாரும் வாய் திறக்கமாட்டார்கள். இந்த எழுபத்தொரு வயதுக்குள் நான் ஒரே ஒரு முறைதான் அங்கே சத்தியம் செய்திருக்கிறேன். அது உண்மை. இதுவும் உண்மை என்றே நம்பினேன். ஆனால் சாமி முன்னால் நிற்பதற்கு நம்பினால் போதாது, தெரிந்திருக்க வேண்டும். அமாவாசைக்கு இன்னும் ஆறு நாள் இருந்தது.

நடந்தது இதுதான். கரியப்பன் பதினாறு வருஷமாக எங்கள் வண்டியை ஓட்டியவன். மாசிக் கடைசியில் ஒரு நாள், பால் சொசைட்டியை ஒட்டிய எங்கள் மேட்டுக்காட்டில், மண்ணைக் கிளறும் ரோட்டாவேட்டரை மாட்டி உழுதுகொண்டிருந்தான். நாலு மணிக்குப் போன் செய்தான், என்ஜின் கொதித்துவிட்டது என்று. அந்த மாதத்தில் அது நான்காவது தடவை. போய்ப் பார்த்தேன். சூட்டு முள் சிவப்பில் நின்றது. பானெட்டுக்கு அடியிலிருந்து ஆவி சீறியது. சாயங்காலப் பால் ஊற்ற வந்தவர்கள் பத்துப் பேர் கேனும் கையுமாக நின்று வேடிக்கை பார்த்தார்கள்.

"அரை மணி நேரம் ஆறட்டுங்க ஐயா. இப்பத் தொடப்படாதுங்க" என்றான் கரியப்பன்.

கூட்டத்தில் ஒருவன், "பெரிய ஊட்டு வண்டிக்குக் காச்சலுங்களா? ஊசி போட்டாச்சுங்களா?" என்றான். இரண்டு பேர் சிரித்தார்கள்.

அந்தச் சிரிப்புத்தான் என் காதில் விழுந்தது. கரியப்பன் சொன்னது விழவில்லை. "தண்ணி பாக்காம ஓட்டிப்போட்டு ஆறட்டுங்கறயா? தெறடா மூடிய. உள்ள தண்ணி இருக்குதா இல்லியான்னு இவுங்களும் பாக்கட்டும்" என்றேன்.

அவன் என்னை ஒரு தடவை பார்த்தான். பிறகு ஈரச் சாக்கை மூடிமேல் போட்டு அழுத்தித் திருகினான். மூடி அவன் கையைவிட்டுப் பறந்தது. கொதிநீர் ஆள் உயரத்துக்கு எழும்பி அவன் முகத்திலும் கழுத்திலும் நெஞ்சிலும் விழுந்தது.

முதலில் கொள்ளேகால், அங்கிருந்து மைசூர் பெரியாஸ்பத்திரி. இடது கண்ணில் பார்வை திரும்பாது என்று மூன்றாம் நாள் சொன்னார்கள்.

அவன் மனைவி கனகாவின் அண்ணன்மார், கொதிக்கிற வண்டியைத் திறக்கச் சொன்னது யார் என்று ஊருக்குள் கேட்கத் தொடங்கினார்கள். நான் சொசைட்டி வாசலில் நின்றே பதில் சொன்னேன். தண்ணீர் ஊற்றாமல் ஓட்டியவன் அவன், சோம்பேறித்தனத்துக்குக் கிடைத்த கூலி இது என்றேன். சத்தியம் செய்வீர்களா என்றார்கள். செய்வேன் என்றேன்.

பட்டறை பன்னிமண்டபம் பக்கத்தில் இருந்தது. சீனு என்பவனுடையது. மைசூரிலேயே பிறந்து வளர்ந்த தமிழன், நாற்பது வயதிருக்கும், பேச்சில் பாதி கன்னடம். என் மகன் மனோஜ்குமார் மைசூரில் ஒரு தொழிற்சாலையில் சூப்பர்வைசராக இருக்கிறான். பட்டறையைக் கண்டுபிடித்தது அவன்தான். லீவு போட்டுவிட்டு என்கூடவே வந்திருந்தான்.

"டிரைவர் தண்ணி ஊத்தல. அதுலதான் கொதிச்சுது. பாத்துச் சொல்லு" என்றேன்.

சீனு சிரித்தான். "யஜமான்ரே, நோயையும் நீங்களே சொல்லிட்டா அப்புறம் நான் எதுக்கு? ஒந்து நிமிஷ உக்காருங்க."

நான் உட்காரவில்லை.

அவன் ஃபேன் பெல்ட்டைக் கட்டைவிரலால் அழுத்தினான். அரை அங்குலம் அமுங்கி நின்றது. "பெல்ட் புதுசு. இழுப்பு கரெக்டா இருக்கு. யார் மாத்துனது?"

"டிரைவர்தான்."

ரேடியேட்டரின் முன்வலையைக் கழற்றி டார்ச் அடித்துப் பார்த்தான். "இந்த சீசன்ல வர்ற வண்டி எல்லாம் இங்க தூசி மெத்தை மாதிரி இருக்கும். இதுல ஒண்ணுமில்ல. தினம் ஊதிக் கழுவின வண்டி இது." எண்ணெய்க் குச்சியை உருவி விரலில் தேய்த்துப் பார்த்தான். "எண்ணெயும் நல்லாருக்கு. தண்ணி கலக்கல."

ஒவ்வொன்றும் கரியப்பன் பார்க்க வேண்டிய வேலை. ஒவ்வொன்றும் சரியாக இருந்தது. நல்ல டிரைவரை வைத்திருந்தோம் என்று வேறொரு நாளாக இருந்தால் பெருமைப்பட்டிருப்பேன்.

தெர்மோஸ்டாட் என்று உள்ளங்கை அளவுக்கு ஒரு வால்வு இருக்கிறது. என்ஜின் சூடானதும் திறந்து தண்ணீரை ரேடியேட்டருக்கு விட வேண்டியது அது. சீனு அதைக் கழற்றி, டீ போடும் அடுப்பில் ஒரு பாத்திரம் தண்ணீர் வைத்து உள்ளே போட்டான். தண்ணீர் கொதிக்கும் முன்பே அது வாய் திறந்தது. "இதுவும் தப்பு பண்ணல" என்றான். தண்ணீர்ப் பம்பை ஆட்டிப் பார்த்தான், ஆட்டமில்லை. பிறகு கையைத் துடைத்துக்கொண்டு என்னிடம் வந்தான்.

"மூடி தொறந்தப்போ தண்ணி எவ்ளோ ஒசரம் வந்துச்சு?"

"ஆள் ஒசரம்."

"அல்ல யஜமான்ரே, தண்ணியே ஊத்தாத ரேடியேட்டர் ஆள் ஒசரத்துக்கு எப்படி அடிக்கும்?"

"அடியில கொஞ்சம் கெடந்திருக்கும்."

"கொஞ்சம் கெடந்தா புஸ்ஸுனு ஆவிதான் வரும். ஒரு ஆள வேக வெக்கிற அளவு தண்ணி வராது. நெறஞ்சிருந்துது அது."

பத்துப் பேர் பார்த்தது. நானும் பார்த்ததுதான். ஒன்பது நாளாக அதை யாரும் என்னிடம் கேட்கவில்லை, நானும் கேட்டுக்கொள்ளவில்லை.

சீனு எல்லாவற்றையும் திரும்பப் பூட்டித் தண்ணீர் நிரப்பி என்ஜினை ஓடவிட்டான். கால் மணி நேரத்தில் முள் ஏறத் தொடங்கியது. "கையக் குடுங்க" என்று என் கையைப் பிடித்து ரேடியேட்டரின் மேல்குழாயில் வைத்தான். ஒரு நொடிகூட வைக்க முடியவில்லை. அடுத்து குனியச் சொல்லிக் கீழ்க்குழாயில் வைத்தான். கிணற்று வாளியின் பிடி போலக் குளிர்ந்திருந்தது.

"மேல சூடு, கீழ சில்லுனு இருக்கு. மேல போன தண்ணி கீழ எறங்கல. நடுவுல அடைச்சிருக்கு. நோடோணா, பாத்துரலாம்" என்றான்.

ரேடியேட்டரைக் கழற்றி, மேல்தொட்டியின் ஈயப் பற்றைத் தீயில் உருக்கிப் பிரித்தான். உள்ளே வரிசையாக இருக்க வேண்டிய துளைகள் தெரியவில்லை. மஞ்சள் சேறு பூசி மெழுகினாற்போல இருந்தது. சூடு பட்டதும் வாசனை எழுந்தது. சீனு நகத்தால் சுரண்டி மூக்கருகே கொண்டுபோவதற்கு முன்பே எனக்குத் தெரிந்துவிட்டது. வருஷா வருஷம் மாசியில் எங்கள் களத்தில் பெரிய கொப்பரை வைத்து மஞ்சள் வேகவைப்போம். அந்த வாசனை.

"மஞ்சப் பொடி" என்றான் சீனு. "ஒழுகுச்சுன்னு எவனோ போட்டிருக்கான். லாரிக்காரங்க வழியில மாட்டிக்கிட்டா ஒரு சிட்டிகை போடுவாங்க, ஊர் போய்ச் சேர்றவரைக்கும். இது சிட்டிகை இல்ல. யாரு யஜமான்ரே இந்தப் புண்ணியவான்?"

மனோஜ்குமார் என்னைப் பார்த்தான். அவனுக்குத் தெரியும். பொங்கலுக்கு ஊருக்கு வந்திருந்தபோது கூடத்தான் நின்றான்.

தை மாதம் ரேடியேட்டரின் அடியில் ஊசி முனை அளவு ஒழுகல் வந்தது. கொள்ளேகால் கொண்டுபோய்ப் பற்றுவைத்துவிடலாம் என்றான் கரியப்பன். "நம்மூட்டு வண்டி ஒழுகுதுன்னு நாலு பேரு பாக்கப் பட்டறையில நிறுத்தோணுமா?" என்று கேட்டேன். பாலாறு செக்போஸ்டில் லாரிக்காரர்கள் மஞ்சள் போட்டு ஒழுகலை அடைப்பதை முன்பு பார்த்திருக்கிறேன். என் மனைவி பூவாத்தாளிடம் சொல்லி எங்கள் வயலில் விளைந்த மஞ்சள் பொடி ஒரு படி கொண்டுவரச் செய்தேன். ஒரு படியையும் என் கையால் கொட்டினேன். ஒழுகல் நின்றது. ஊரில் யாருக்கும் தெரியவில்லை.

அடுத்த மாதம் கரியப்பன் இரண்டு முறை தண்ணீரை இறக்கி மாற்றினான். மஞ்சளாகத் தண்ணீர் போனது. எல்லாம் போய்விட்டது என்று நினைத்தேன். முள் ஏறத் தொடங்கியபோது அவன், "உள்ள மஞ்ச அடைச்சிருக்குமுங்க ஐயா, ஒருக்காப் பிரிச்சுப் பாத்துரலாமுங்க" என்றான். மூன்று தடவை சொன்னான். மூன்றாம் தடவை, "நீ டிரைவரா டாக்டரா?" என்று கேட்டேன். அதற்குப் பிறகு அவன் சொல்லவில்லை.

"நான்தான் போட்டது" என்றேன் சீனுவிடம்.

அவன் முகத்திலிருந்த சிரிப்பு போய்விட்டது. "ஆயிது, விடுங்க" என்று வேலைக்குத் திரும்பினான்.

மனோஜ்குமார் அவனை மறித்தான். "சீனண்ணா, அதை மொதல்ல கழுவிடுங்க. யாராவது கேட்டா தண்ணி இல்லாம ஓடின வண்டின்னு சொல்லிடுங்க. அவ்ளோதான்."

"சார், நான் என்ஜின் ரிப்பேர் பண்றவன். யார்கிட்டயும் போய் நானா எதுவும் சொல்லமாட்டேன். ஆனா எவனாவது வந்து கேட்டா இருந்ததைத்தான் சொல்வேன்."

மனோஜ் என்னைச் சற்றுத் தள்ளி அழைத்துப் போனான். "அப்பா, மலையில நீங்க என்ன சொல்லோணும்? எங்க வீட்டுக் குத்தம் இல்லன்னு ஒரு வார்த்தை. ஒழுகறதுக்கு எல்லாரும்தான் மஞ்சள் போடறாங்க, அது குத்தமா? மூடியைத் தொறந்தது அவன் கை. யோசிச்சுப் பாருங்க, இது கேஸ் ஆனா நம்ம பேரு என்ன ஆகும்?"

"சும்மா இருடா" என்றேன். அவன் சொன்னது எனக்குத் தோன்றாமல் இல்லை. என் மனசுக்குள்ளும் அதே வார்த்தைகள்தான் வந்துகொண்டிருந்தன. அதனால்தான் அதட்டினேன்.

சீனு என்ஜினின் மேல்மூடியை, தலை என்று சொல்வார்கள், கழற்றினான். இரண்டாவது சிலிண்டருக்கும் மூன்றாவதுக்கும் நடுவில், கசிவைத் தடுக்கும் கேஸ்கெட் தகடு கருகியிருந்தது. தலையின் அடிப்பரப்பில் இரும்பு அளவுகோலை நிறுத்திப் பின்னாலிருந்து டார்ச் அடித்தான். நடுவில் கோடு போல வெளிச்சம் தெரிந்தது. சூட்டில் வளைந்துவிட்டது என்றான். சீவி மட்டமாக்க அதை லேத்துக்கு அனுப்பினான். ரேடியேட்டர் துளைகளில் தட்டைக் கம்பியை விட்டுக் குத்திப் பார்த்தான். பாதி துளைகள் வழிவிட்டன. மீதி கல்லாக இறுகியிருந்தன. உள்கூட்டையே புதிதாக மாற்ற வேண்டியதாயிற்று. இரண்டு நாள் பிடித்தது. இரண்டு நாளும் பட்டறையிலேயே இருந்தேன்.

தேவராஜ மொஹல்லாவில் ஒரு லாட்ஜில் தங்கியிருந்தேன். மகன் வீட்டுக்குக் கூப்பிட்டான், போகவில்லை. முதல் நாள் சாயங்காலம் ஆஸ்பத்திரிவரை நடந்தேன். கேட்டுக்கு எதிரே நின்றேன். உள்ளே போய் என்ன சொல்வது என்று தெரியவில்லை. மார்க்கெட்டில் வாங்கிய சாத்துக்குடிப் பையைத் தூக்கிக்கொண்டு திரும்பி வந்துவிட்டேன்.

மூன்றாம் நாள் காலையில் என்ஜின் ஓடியது. ஒரு மணி நேரம் ஓடவிட்டுப் பார்த்தோம். முள் நடுவைத் தாண்டவில்லை. "இனி இதுக்கு ஒண்ணும் ஆகாது யஜமான்ரே" என்றான் சீனு. காலையிலேயே லாட்ஜிலிருந்து எடுத்து வந்திருந்த சாத்துக்குடிப் பையுடன் அங்கிருந்து நேராக ஆஸ்பத்திரிக்குப் போனேன். மனோஜ்குமாரும் ஆட்டோவில் ஏறிக்கொண்டான். வழியெல்லாம் பேசிக்கொண்டே வந்தான்.

கரியப்பனின் கட்டில் வார்டின் கடைசியில், சுவரை ஒட்டி இருந்தது. முகத்தில் பாதிக்குக் கட்டு. கழுத்திலும் நெஞ்சிலும் வெள்ளைக் களிம்பு. தெரிந்த ஒரு கண்ணால் என்னைப் பார்த்துவிட்டு சுவர் பக்கம் திரும்பிக்கொண்டான். கனகா தரையில் உட்கார்ந்திருந்தாள். எழுந்திருக்கவில்லை.

"சத்தியம் பண்ணப் போறதுக்கு மின்ன ஒருக்காப் பாத்துப்போட்டுப் போலாம்னு வந்தீங்களாக்கு?" என்றாள். "நல்லாப் பாத்துக்குங்க. மலையில சாமி கேட்டா அடையாளஞ் சொல்லோணுமில்லீங்களா?"

என் வீட்டு வாசலில் நின்று இப்படிப் பேசியிருந்தால் நடந்திருப்பது வேறு. "வண்டியப் பிரிச்சுப் பாத்தாச்சு" என்றேன் கரியப்பனிடம். "மஞ்சள்தான் அடைச்சிருந்துது."

சுவரைப் பார்த்தபடியே அவன் சொன்னான். "மூணு தடவ சொன்னனுங்க."

"சொன்ன. நாந்தான் கேக்கல."

வார்டில் அடுத்த கட்டில்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். மனோஜ் என் பின்னால் நின்று கனைத்தான்.

"மலையில நான் சத்தியம் பண்ணப் போறதில்ல" என்றேன்.

அவ்வளவு போதும் என்று நினைத்துத்தான் வந்திருந்தேன். எங்கள் குடும்பத்தில் சொன்ன சத்தியத்தைச் செய்யாமல் விட்டவர்கள் கிடையாது. அதை விடுவதே எனக்கு மலையளவு.

கனகா அப்படிப் பார்க்கவில்லை. "நீங்க பண்ணாட்டி ஊரு என்ன நெனைக்குமுங்க? பெரியவருக்கு ஒடம்பு சொகமில்ல, மலையேற முடியலைன்னு நெனைக்கும். இவரு சோம்பேறின்னு நீங்க சொன்னது அப்பிடியே கெடக்கும். ஒத்தக் கண்ணு போச்சு. இனி டிராக்டர யாருங் குடுக்கமாட்டாங்க. காவலுக்காச்சும் போலாம்னா, சோம்பேறிய யாரு காவலுக்கு வெப்பா?"

அவள் தன் போனை எடுத்தாள். "ஊரு குரூப்புல எல்லாரும் இருக்கறாங்க. நீங்க சொசைட்டி வாசல்ல சொன்னதக் கேட்டவிங்க, கேக்காதவிங்க எல்லாரும். பேசுங்க."

மனோஜ் என் முழங்கையைப் பிடித்தான். "அப்பா, வேண்டாம். வாய்ல சொல்றது வேற, இது ரெக்கார்டு. நாளைக்கு ஸ்டேஷன்ல இதையே போட்டுக் காட்டுவாங்க."

அவன் சொன்னது சரிதான். அவன் கையை எடுத்துவிட்டேன்.

கனகா போனை என் வாய்க்கு நேராக நீட்டினாள். என் பெயரையும் அப்பா பெயரையும் சொன்னேன். ரேடியேட்டரில் ஒரு படி மஞ்சள் கொட்டி அடைத்தது நான் என்றும், கரியப்பன் தினமும் தண்ணீர் பார்த்தான் என்றும், அவனைச் சோம்பேறி என்றது தப்பு என்றும் சொன்னேன். பட்டறைச் சீனு சொன்னதையும் சொன்னேன். முடித்தேன்.

அவள் அனுப்பவில்லை. அதை முழுதும் போட்டுக் கேட்டாள். என் குரல் வார்டு முழுக்கக் கேட்டது. ஒரு நர்ஸ் வேலையை நிறுத்திவிட்டு நின்றாள்.

"மஞ்சளச் சொன்னீங்க" என்றாள் கனகா. "தெறக்கச் சொன்னத எங்கீங்க?"

"அது எல்லாரும் பாத்ததுதானே."

"பாத்தாங்க. நீங்க சொல்லலியே."

மஞ்சள் அறியாமல் செய்தது. அதைச் சொல்லிவிட்டு ஒருவன் தலைநிமிர்ந்து நடக்கலாம். இது அப்படியல்ல. கொதிக்கும் என்று தெரியும். பத்துப் பேர் முன்னால் சிரிப்பை அடக்க ஒரு மனிதனின் கையை அதன்மேல் வைக்கச் சொன்னேன்.

கட்டிலிலிருந்து கரியப்பன் பேசினான். என்னிடம் இல்லை, அவளிடம். "அரை மணி நேரம் ஆறட்டும்னு நாஞ் சொன்னேன். அதையுஞ் சொல்லச் சொல்லு."

அவள் முதல் பதிவை அழித்துவிட்டு மறுபடி நீட்டினாள். எல்லாவற்றையும் முதலிலிருந்து சொன்னேன். அவன் ஆறட்டும் என்றதையும், கூட்டம் சிரித்ததையும், தெறடா என்று நான் சொன்னதையும். கடைசிவரை அவள் போனை விலக்கவில்லை. முடித்தேன். அனுப்பினாள்.

சாத்துக்குடிப் பையைக் கட்டில் காலருகில் வைத்தேன். "வர்றேன்" என்றேன். போய்ட்டு வாங்க என்று இருவரும் சொல்லவில்லை.

வராந்தாவுக்கு வரும்முன்பே என் போன் அடித்தது. சொசைட்டி செக்ரட்டரி தருண்குமார்.

"ஐயா, பதறாதீங்க. உங்க வாய்ஸ் மாதிரியே யாரோ செஞ்சு குரூப்புல போட்டிருக்காங்க. இப்பெல்லாம் கம்ப்யூட்டர்லயே அப்பிடிச் செய்றாங்கங்க. அந்தக் கனகா நம்பர்ல இருந்துதான் வந்திருக்குது. டூப்ளிகேட்டுன்னு நான் ஒரு மெசேஜ் போட்டுடட்டுங்களா?"

பக்கத்தில் நின்ற மனோஜுக்கும் அது கேட்டது. என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டான். சின்ன வயதில் சந்தைக் கூட்டத்தில் பிடிப்பதைப் போல. "ஆமான்னு சொல்லுங்கப்பா. ஒரு வார்த்தை. சொல்லுங்க."

வார்டின் கதவு திறந்தே இருந்தது. கனகா அதே இடத்தில் உட்கார்ந்து என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இல்லப்பா" என்றேன் போனில். "அது என் குரல்தான்."

தருண்குமார் "சரிங்க" என்று வைத்துவிட்டான். ஐயா என்று சேர்க்கவில்லை. மனோஜ் என் கையை விட்டுவிட்டுப் படியிறங்கிப் போனான். போன் மறுபடி அடித்தது. எடுத்தேன்.